ரெண்டாவது வண்டி வாங்கறதுக்கு முன்னாடி ஒரு மாசம் காலண்டர்ல எழுதிப் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

உங்க பேப்பர்ல வண்டி பத்தி வர்ற பக்கத்த நான் விடாம படிக்கறவ. "கிராமத்துக்கு ஏத்த மைலேஜ் வண்டி"ன்னு வரிசையா பேரு, விலை, லிட்டருக்கு எத்தன கிலோமீட்டர்னு போடறீங்க, நல்லா இருக்குங்க, ஆனா அந்த நம்பர மட்டும் பாத்துட்டு வாங்கிட்டு அப்புறம் வண்டி ஒரு பக்கம் நிக்க, செலவு கொறையாம தவிக்கற வீடு எங்க பக்கத்துலயே நாலஞ்சு இருக்கு. எங்கூட்டுலயும் அப்படி ஆக இருந்துச்சு, தப்பிச்சோம். எப்படித் தப்பிச்சோம்னு எழுதினா வேற யாருக்காவது உதவும்னுதான் இந்தக் கடிதம்.

நாங்க மூலனூர்ல இருந்து 8 கிலோமீட்டர் உள்ள தள்ளி தோட்டத்துல குடியிருக்கறோம். நாலு ஏக்கர் முருங்கை, ரெண்டு கறவை மாடு. மாமனாருக்கு வயசாச்சு, முட்டி வலி, மாசம் ஒரு தடவையாவது ஆஸ்பத்திரி. பொண்ணு பிளஸ் ஒன் படிக்குது. மாமனாருக்காகவும் முருங்கைச் சிப்பம் ஏத்தறதுக்காகவும் 2022ல பழைய டீசல் கார் ஒண்ணு, ஜீப் மாதிரி ஒசரமா இருக்கறது, வாங்கினோம். அது வந்ததும் இனி எதுக்குன்னு இருந்த பைக்க வித்துட்டோம். அதுதான் நாங்க செஞ்ச மொத தப்பு, அப்ப தெரியல. லிட்டருக்கு 13 கிலோமீட்டர் குடுக்கற வண்டிய எடுத்துட்டு பால் சொசைட்டிக்குப் போறது, ரேஷனுக்குப் போறது, பொண்ண மெயின் ரோட்டு பஸ் ஸ்டாப்ல எறக்கி விடறது, எல்லாமே கார்தான். எங்க ஊருக்கு டவுன் பஸ் வருதுங்க, 2021ல இருந்து எங்கள மாதிரி பொம்பளைங்களுக்கு டிக்கெட்டும் கெடையாது, ஆனா பஸ் வர்ற நேரத்துக்கும் பள்ளிக்கூட நேரத்துக்கும் ஒத்து வர்றதில்ல, சொசைட்டில பால் ஊத்தற நேரத்துக்கும் வர்றதில்ல. நேரம் ஒத்து வர்ற ஊர்ல இருக்கறவங்க, ரெண்டாவது வண்டியே வேணுமான்னு ஒரு தடவ யோசிங்க.

போன வருஷம் டீசல் செலவு தாங்கலைன்னு ரெண்டாவது வண்டிப் பேச்சு வந்துச்சு. எங்கூட்டுக்காரர் லிட்டருக்கு 70 குடுக்கும்னு ஒரு பைக் பாத்து வெச்சுட்டார். எங்க அண்ணன் "மழைக்கும் ஆகும், பழைய சின்ன கார் ரெண்டு லட்சத்துக்கு வருது"ன்னார். பக்கத்துத் தோட்டத்துத் தம்பி எலக்ட்ரிக்னு சொல்லுச்சு. மாமனார் மட்டும் "ஒரு டிவிஎஸ் பிப்டி வாங்குங்க"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டார். ஆளுக்கொண்ணா சொல்றாங்களேன்னு நான் ஒண்ணு செஞ்சேன்ங்க. அடுப்படில தொங்கற தினசரி காலண்டர்ல, கார் எடுக்கும்போதெல்லாம் எங்க போச்சு, எத்தன கிலோமீட்டர், வண்டில எத்தன பேரு, என்ன சுமைன்னு ஒரு மாசம் பென்சில்ல எழுதி வெச்சேன்.

மாசக் கடைசில கூட்டிப் பாத்தா மொத்தம் 1,104 கிலோமீட்டர். கிட்டத்தட்ட 85 லிட்டர் டீசல். எங்க பக்கம் அப்ப டீசல் 92 ரூபா சொச்சம், ஆக 7,800 ரூபாய்க்கு மேல. அதுல மார்க்கெட்டுக்கு சிப்பம் கொண்டு போனது, மாமனார கூட்டிட்டு ஆஸ்பத்திரி போனது, தாராபுரத்துல ஒரு கல்யாணம், இதெல்லாம் சேத்து 380 கிலோமீட்டர்தான் ஆச்சு. இந்த 380க்குத்தான் கார் நெசமா வேணும். மிச்சம் 724 கிலோமீட்டர் என்ன தெரியுங்களா, பஸ் ஸ்டாப்புக்கு 4 கிலோமீட்டர், காலைல எறக்கி விட்டுட்டு வர 8, சாயந்தரம் கூட்டிட்டு வர 8, 24 நாளைக்கு 384. சொசைட்டிக்கு போக வர 6, முப்பது நாளைக்கு 180. மூலனூருக்கு மருந்து, பேங்க், தவுடு, புண்ணாக்குன்னு பத்து தடவ, 160. இத்தனையும் ஒரு ஆளோ ரெண்டு ஆளோ போனதுதான். அதுவும் இந்த மாதிரி சின்ன ஓட்டத்துல டீசல் எஞ்சின் சூடாகறதுக்குள்ள வீடு திரும்பிரும், அப்ப 13 கூட குடுக்காது.

அந்தத் தாள எங்கூட்டுக்காரர் முன்னாடி வெச்சேன். அவர் ரொம்ப நேரம் பேசவே இல்ல.

இங்கதான் மைலேஜ் நம்பர் நம்மள எப்படி ஏமாத்துதுன்னு சொல்லணும்ங்க. அந்த 724 கிலோமீட்டருக்கு கார் குடிச்சது கிட்டத்தட்ட 56 லிட்டர், 5,100 ரூபாய்க்கு மேல. அதையே லிட்டருக்கு 55 குடுக்கற டூவீலர்ல ஓட்டினா 13 லிட்டர் சொச்சம், பெட்ரோல் 101 ரூபான்னு வெச்சா 1,330. மாசம் 3,800 ரூபா மிச்சம். சரி, 55 இல்ல, எங்கூட்டுக்காரர் சொன்ன 70 குடுக்கற பைக்னு வெச்சுக்கங்க, பத்தரை லிட்டர்கிட்ட ஆகும், 1,045 ரூபா. அதாவது 55க்கும் 70க்கும் நடுவுல மாசம் 285 ரூபாதான் வித்தியாசம். காதுக்குப் பெருசாக் கேக்கற அந்த 15 கிலோமீட்டர், கைல வந்தா ஒரு மூட்ட தவுட்டுக்குக் கூட காணாது. அண்ணன் சொன்ன சின்ன கார் எங்க ரோட்டுக்கு 19 குடுத்தா பெரிய விஷயம், 38 லிட்டர், 3,850 ரூபா, டீசல் காருக்கு இது 1,300தான் கம்மி, அதுக்கு இன்னொரு கார் இன்சூரன்ஸ், இன்னொரு நாலு டயர்.

யூரோப்ல லிட்டருக்கு எத்தன கிலோமீட்டர்னு போடாம, நூறு கிலோமீட்டருக்கு எத்தன லிட்டர்னுதான் எழுதுவாங்க. அப்படி எழுதினா கண்ணுக்கு நேரா தெரியும்ங்க: எங்க கார் 7.7, சின்ன கார் 5.3, 55 குடுக்கற டூவீலர் 1.8, 70 குடுக்கறது 1.4. பெரிய பள்ளம் எங்க இருக்குன்னு பாருங்க, காருக்கும் டூவீலருக்கும் நடுவுலதான். ஒரு டூவீலருக்கும் இன்னொரு டூவீலருக்கும் நடுவுல பெருசா ஒண்ணுமில்ல. உங்க பேப்பர்லயும் இந்த மாதிரி ஒரு வரிசை சேத்துப் போட்டா வாங்கறவங்களுக்குப் புரியும்.

அப்ப எந்த டூவீலர்ங்கற கேள்விக்கு மைலேஜ் பதில் சொல்லாதுன்னு ஆகிப்போச்சு. பதில் சொன்னது வேற ஒரு கேள்வி, யாரு ஓட்டப் போறாங்கங்கறது. அந்த 724 கிலோமீட்டர்ல முக்கால்வாசி எனக்காகவும் பொண்ணுக்காகவும் ஓடினது. ஆனா ஓட்டினது அவர். காலைல தண்ணி கட்டற நேரத்துல வாய்க்கால விட்டுட்டு பஸ் ஸ்டாப்புக்கு ஓடி வருவார், பால் கேன தூக்கிட்டு சொசைட்டிக்கு ஓடுவார். எனக்கு கியர் வண்டி ஓட்டத் தெரியாது. 70 குடுக்கற பைக் வாங்கியிருந்தா மறுபடியும் அவர்தான் ஓட்டணும், அவர் வேலையா இருக்கற நாள்ல நான் மறுபடியும் யாரையாவது கேக்கணும், இல்லைன்னா கார எடுத்துக் குடுங்கன்னு நிக்கணும். கிராமத்துல ரெண்டாவது வண்டின்னு வாங்கறது பெரும்பாலும் வீட்ல ஏற்கெனவே வண்டி ஓட்டற ஆம்பளைக்கே இன்னொண்ணா போயிருதுங்க. வண்டி இல்லாத ஆளுக்கு வாங்கினாத்தான் முதல் வண்டி வீட்ல நிக்கும், அப்பத்தான் எரிபொருள் மிச்சம் ஆகும். இத எத்தன தடவ வேணாலும் சொல்வேன்.

கியர் இல்லாததுன்னு முடிவானதும் மூணு வகைதான் மிச்சம்: பெட்ரோல் ஸ்கூட்டர், எலக்ட்ரிக் ஸ்கூட்டர், மாமனார் சொன்ன மொபெட், அதாவது டிவிஎஸ் எக்ஸெல். (எங்க பக்கம் மொபெட் எதுவா இருந்தாலும் டிவிஎஸ் பிப்டின்னுதான் பெரியவங்க சொல்லுவாங்க, 1980ல வந்த பேரு இன்னும் போகல.)

எலக்ட்ரிக்குக்கு நான் ரொம்ப ஆசப்பட்டேன். நம்ம ஓசூர், கிருஷ்ணகிரி பக்கமே தயாராகுது, சத்தமில்ல, புகை இல்ல. கரண்ட் கணக்கும் போட்டுப் பாத்தேன், கிலோமீட்டருக்கு 30, 35 வாட் ஹவர்னு வெச்சா (ஆயிரம் வாட் ஹவர் ஒரு யூனிட்) 724 கிலோமீட்டருக்கு மாசம் 25 யூனிட் போல ஆகும், ரெண்டு மாசத்துக்கு 50. வீட்டுக்கு அப்ப இருந்த 100 யூனிட் இலவசம் போக மேல ஏர்றதுக்குத்தான் காசு, அப்படிப் பாத்தாலும் மாசம் 150 ரூபாய்க்கு மேல போகாது. பெட்ரோல் மொபெட்டுக்கு 1,330, இதுக்கு 150, மாசம் 1,180 மிச்சம். கேக்க எவ்வளவு நல்லா இருக்கு. ஆனா விலை எங்களுக்கு அறுபதாயிரம் போல கூட. மத்திய அரசு மானியமும் ஒரு காலத்துல பேட்டரி அளவுல ஒரு கிலோவாட் ஹவருக்கு, அதாவது ஒரு யூனிட்டுக்கு, 15 ஆயிரம் இருந்தது, 2023 ஜூன்ல 10 ஆயிரம் ஆச்சு, 2024ல 5 ஆயிரம், 2025 ஏப்ரல்ல 2,500 ஆச்சு. அதே நேரம் 2025 செப்டம்பர் 22ல 350 சிசி வரைக்கும் இருக்கற பெட்ரோல் டூவீலருக்கு ஜிஎஸ்டி 28ல இருந்து 18 ஆகிருச்சு. ஆக அந்த அறுபதாயிரம் திரும்பி வர எங்க ஓட்டத்துக்கு நாலு வருஷத்துக்கு மேல ஆகும்.

காச விடுங்க, எங்களத் தடுத்தது கரண்டும் சர்வீசும். சாயந்தரம் ஏழு மணிக்கு மேல எங்க லைன் கடைசி தோட்டத்துல வோல்டேஜ் இறங்கிரும், மிக்சி கூட முக்கும். பக்கத்துத் தம்பியோட எலக்ட்ரிக் வண்டி அந்த நேரத்துல சார்ஜ் ஏறாது, ராத்திரி பத்து மணிக்கு மேல எழுந்து போட்டுட்டு படுக்கும். எர்த் சரியா இல்லைன்னா சார்ஜரே எடுக்காது, புதுசா எர்த் குழி தோண்டி கம்பி எறக்கின செலவு தனி. சில பேர் தோட்டத்து மோட்டார் லைன்ல போட்டா ஓசிதானேங்கறாங்க, அது பம்புசெட்டுக்கு மட்டும் குடுத்த கனெக்‌ஷன், அதுல வண்டிக்கு சார்ஜ் போடறது தப்பு, மாட்டினா கனெக்‌ஷனுக்கே ஆபத்து, அப்படி யாரும் செய்யாதீங்க. போன சித்திரைல அந்தத் தம்பி வண்டி நின்னுபோச்சு, சர்வீஸ் சென்டர் அறுபது கிலோமீட்டர் தள்ளி, சின்ன யானை வண்டில ஏத்திட்டுப் போய் விட்டுட்டு வந்தாங்க, ஒரு பார்ட் வரணும்னு 23 நாள் அங்கயே நின்னுச்சு. பால் ஊத்தறவங்க வீட்ல 23 நாள் வண்டி இல்லைன்னா என்ன ஆகும்னு யோசிங்க. ஆனா எங்க நாத்தனார் காங்கேயம் டவுன்லயே இருக்காங்க, தினம் முப்பது கிலோமீட்டர் தார் ரோடு, வீட்ல நல்ல கரண்ட், மெக்கானிக் பக்கத்துல, அவங்களுக்கு எலக்ட்ரிக் அவ்வளவு பொருத்தமா இருக்கு. ரெண்டு வருஷமா ஒரு கொறையும் இல்ல. வண்டி மேல தப்பு இல்லைங்க, எடம் பொருந்தணும்.

ஒரு வார்த்தை சிஎன்ஜி பைக் பத்தி. 2024 ஜூலைல பஜாஜ் கொண்டு வந்த 125 சிசி வண்டில ரெண்டு கிலோ கேஸும் ரெண்டு லிட்டர் பெட்ரோலும் பிடிக்கும், டவுன் பக்கம் பங்க் இருக்கறவங்களுக்கு நல்லது. எங்களுக்கு கேஸ் பிடிக்கப் போறதுக்கே ஒரு நாள், அதுவும் கியர் வண்டி, அதோட அது முடிஞ்சுபோச்சு.

பெட்ரோல் ஸ்கூட்டர ரெண்டு நாள் இரவல் வாங்கி ஓட்டிப் பாத்தோம். தார் ரோட்டுல சொகம். ஆனா மெயின் ரோட்டுல இருந்து எங்க தோட்டத்துக்கு ஒன்றரை கிலோமீட்டர் இட்டேரி, ரெண்டு பக்கமும் கள்ளி வேலி, நடுவுல மண்ணும் கப்பிக்கல்லும், மழ பேஞ்சா சேறு. பின் சக்கரம் பத்து இஞ்சு, குழில விழுந்து ஏறும்போது பொண்ணு பின்னாடி இருந்து "அம்மா அம்மா"ன்னு கத்துது. எக்ஸெல்ல ரெண்டு சக்கரமும் 16 இஞ்சு, ஒல்லியா இருந்தாலும் குழிய தாண்டிப் போயிரும். வண்டி எடை 90 கிலோவுக்குள்ள, சேத்துல மாட்டினா நானே தூக்கி நிமித்தலாம். சேல கட்டிட்டு ஏறி எறங்கறதுக்கும் முன்னாடி தெறந்த எடம். அந்த எடத்துலயே ஒரு தவுட்டு மூட்ட நிக்கும், பின் சீட்டக் கழட்டிட்டா பால் கேனும் சோளத்தட்டுக் கட்டும் ஏறும். பஞ்சர் ஆனா எந்த ஊர்லயும் ட்யூபக் கழட்டி ஒட்டித் தர ஆள் இருக்கு.

குறையும் சொல்லிடறேன். டேங்க் 4 லிட்டர்தான். பங்க் எட்டு கிலோமீட்டர், மறந்தா பெட்டிக்கடைல பாட்டில் பெட்ரோல், லிட்டருக்கு இருபது ரூபா கூட, அதுல என்ன கலந்திருக்கோ, வீட்டு ஓரமா பாட்டில்ல பெட்ரோல் வெச்சு விக்கறது ஆபத்தும் கூட. அதனால மூலனூர் போகும்போதெல்லாம் ரொப்பிக்கறது. கரூர் போற ரோட்டுல இத எடுத்துட்டுப் போகாதீங்க, அறுபதத் தாண்டினாலே வண்டி நடுங்கும், பின்னாடி லாரி வந்தா ஒதுங்கவும் எடம் பத்தாது. தாராபுரத்துக்கு நாங்க காரோ பஸ்ஸோதான்.

பழசு வாங்கலாமான்னும் பாத்தோம், 18 ஆயிரத்துக்கு 2012 மாடல் ஒண்ணு வந்துச்சு. அது ரெண்டு ஸ்ட்ரோக், ஆயில் கலந்து ஊத்தணும், 15 வருஷம் ஆனா ஆர்.சி. ரின்யூவல் வேற. அது போக இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதுக்குன்னு செய்யாத பழைய டூவீலருக்கு மைலேஜ் 3ல இருந்து 4 சதவீதம் கொறையும்னு நிதி ஆயோக் 2021 அறிக்கைலயே சொல்லியிருக்கு, அத விட பயம் பழைய ரப்பர் ஓஸ் கெட்டுப்போறது. பழசு வாங்கறவங்க 2023 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த மாடலாப் பாத்தா இந்தக் கவல இல்ல. புதுசுன்னா 5 வருஷ மூணாம் நபர் இன்சூரன்ஸ் சேத்துத்தான் குடுப்பாங்க, ஷோரூம் போர்டுல இருக்கற விலைக்கு வண்டி வீட்டுக்கு வராது, ரோட்டுக்கு வர்ற விலை என்னன்னு எழுதி வாங்கிக்கங்க.

தீபாவளிக்கு அடுத்த வாரம் எக்ஸெல் 100, பட்டன் ஸ்டார்ட், எடுத்தோம். அதுக்கு முன்னாடியே எல்எல்ஆர் போட்டேன். இந்த எடத்துல எல்லா அப்பா அம்மாவுக்கும் சொல்லணும்ங்க, மொபெட்தானேன்னு பள்ளிக்கூடப் புள்ளைங்க கைல குடுக்கறாங்க. இது 50 சிசி இல்ல, 100 சிசி, 18 வயசு ஆகி கியர் இல்லாத வண்டி லைசென்ஸ் எடுத்திருக்கணும். 2019ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டத்துல, வயசு ஆகாத புள்ள ஓட்டி மாட்டினா பெத்தவங்களுக்கு 25 ஆயிரம் அபராதமும் 3 வருஷம் வரைக்கும் ஜெயிலும் இருக்கு. எங்க பொண்ணும் "நானே ஓட்டிட்டுப் போறேம்மா"ன்னு கேட்டுச்சு, பதினெட்டு முடியட்டும் கண்ணுன்னு சொல்லிட்டேன். எனக்கு 41 வயசு. அறுவடை முடிஞ்ச சோளக்காட்டுல பத்து நாள் பழகினேன், எங்கூட்டுக்காரர் பின்னாடியே ஓடி வந்தார். ரெண்டு பேருக்கும் ஹெல்மெட், பொண்ணுக்கும் தனியா ஒண்ணு.

மைலேஜ் நானே அளந்தேன். ஒரே பங்க்ல கழுத்து வரைக்கும் ரொப்பி, கிலோமீட்டர் குறிச்சு, 150 ஓட்டிட்டு மறுபடியும் அதே பங்க்ல அதே அளவுக்கு ரொப்பினா எத்தன லிட்டர் பிடிக்குதோ அத வெச்சு வகுக்கறது. மூணு தடவ செஞ்சேன், சுமையோட 52, 54, 55. விளம்பரத்துல வர்ற நம்பர் லேப்ல உருளை மேல சக்கரத்த ஓட்டிப் பாத்தது, அங்க இட்டேரியும் கெடையாது, தவுட்டு மூட்டையும் கெடையாது, அதனால அது கெடைக்கலைன்னு யாரும் மெக்கானிக் கிட்ட சண்ட போட வேண்டாம். பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவ காத்துப் பிடிங்க, அது போதும். மூணு மாசத்துக்கு அப்புறம் மறுபடி காலண்டர்ல எழுதினேன், கார் 410 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு.

உங்க மூலமா அரசாங்கத்துக்கு ஒரு கோரிக்க. 2018ல வேலைக்குப் போற பெண்களுக்கு 125 சிசிக்குள்ள டூவீலர் வாங்க பாதி விலை, அதிகபட்சம் 25 ஆயிரம் மானியம்னு ஒரு திட்டம் வந்துச்சு, அப்புறம் நின்னுபோச்சு. பஸ்ல இலவசம் குடுத்தது எவ்வளவு பெரிய உதவின்னு எனக்குத் தெரியும், அத எடுத்துட்டு இதக் குடுங்கன்னு கேக்கல. பஸ் நேரம் ஒத்து வராத ஊர்ல, பால் ஊத்தற, காட்டு வேலைக்குப் போற பெண்களுக்கு மட்டுமாவது அத மறுபடியும் குடுங்க. சம்பளச் சீட்டு கேக்காதீங்க, எங்க கிட்ட இருக்கறது சொசைட்டி பால் அட்டைதான். பால் சொசைட்டிகள்ல நல்ல எர்த்தோட ஒரு சார்ஜ் பாயின்ட் வெச்சா, பால் ஊத்த நிக்கற நேரத்துல வண்டில கொஞ்சம் ஏத்திக்கலாம், அப்ப அடுத்த வண்டி எலக்ட்ரிக்கா வாங்க எனக்கே தைரியம் வரும்.

ஆசிரியருக்கு ஒரு கோரிக்க. வண்டிப் பக்கத்துல வாரம் ஒரு கிராமத்து வீட்டோட கணக்க, அவங்க ரோடு, சுமை, ஓட்டற ஆளு, அளந்த மைலேஜோட போடுங்க. எங்க காலண்டர் தாள போட்டோ எடுத்து இதோட அனுப்பியிருக்கேன், பென்சில் எழுத்து கொஞ்சம் மங்கலா இருக்கும், மன்னிச்சுக்கங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மூலனூர் வட்டாரம், திருப்பூர் மாவட்டம்.